பெங்களூரில் உங்கள் மகள் ராஷ்டிரபதி கைட் ஆகும் வரை: பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளியில் ஐந்தாவது, ஆறாவது படிக்கும் பிள்ளை ஒருநாள் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டும். "அம்மா, ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ்ல சேரட்டுமா?" நாமும் கையெழுத்துப் போட்டு, கேட்ட பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவோம். அந்தப் படிவத்தில் தொடங்கும் பாதை இந்தியக் குடியரசுத் தலைவரின் பெயரால் தரப்படும் விருது வரை போகிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. என் மகள் அந்தப் பாதையை முழுக்க நடந்து ராஷ்டிரபதி கைட் ஆனாள். எனக்கு அதில் அளவில்லாத பெருமை. அல்சூர் பக்கத்திலும் ஃப்ரேசர் டவுன் பக்கத்திலும் புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி என்னிடம் இதைப் பற்றிக் கேட்பதால், எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறேன். மகனுக்கும் இதே பாதைதான். கேப்டன் என்பவர் யூனிட்டை, அதாவது பிள்ளைகளின் படையை, நடத்திப் பயிற்சி தருபவர். கைட் என்று நான் எழுதும் இடத்தில் ஸ்கவுட் என்றும், கேப்டன் என்ற இடத்தில் ஸ்கவுட் மாஸ்டர் என்றும் வாசித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குச் சாரணர், சாரணியர் என்றால் உடனே புரியும். அதேதான் இது. என்சிசி வேறு. அது ராணுவப் பயிற்சியை ஒட்டியது, பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது. ஊரிலிருந்து வரும் பெரியப்பா, மாமாக்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவார்கள். அமெரிக்காவில் இருக்கும் உறவினருக்குச் சொல்ல வேண்டுமானால், அங்கே ஈகிள் ஸ்கவுட் எப்படியோ இங்கே ராஷ்டிரபதி ஸ்கவுட், ராஷ்டிரபதி கைட் அப்படி என்று சொல்லுங்கள், சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

இந்த ஊருக்கும் இந்த இயக்கத்துக்கும் பழைய உறவு

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதல் தேர்விலேயே இயக்கத்தின் வரலாறு கேட்கப்படும். பெங்களூர்ப் பிள்ளைக்கு அது வீட்டுப் பக்கத்துக் கதை.

இந்த இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் சில சிறுவர்களை வைத்து முதல் முகாமை நடத்தினார். இரண்டே வருடத்தில், 1909இல், இந்தியாவின் முதல் ஸ்கவுட் படை தொடங்கியது. தொடங்கிய இடம் நம் பெங்களூரின் பிஷப் காட்டன் பள்ளி, தொடங்கியவர் கேப்டன் டி. எச். பேக்கர். ஆனால் அந்தக் காலத்தில் அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கானதாக இருந்தது. நம் பிள்ளைகளுக்கு இடமில்லை. அந்தக் கதவைத் திறக்கப் பலர் பாடுபட்டார்கள். அவர்களில் ஒருவர் சென்னை அடையாறில் இருந்த அன்னி பெசன்ட். தியாசபிகல் சங்கத்தில் தன்னோடு இருந்த ஜார்ஜ் அருண்டேலோடு சேர்ந்து 1916இல் இந்தியச் சிறுவர்களுக்கென்றே தனிச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். வடக்கே மதன் மோகன் மாளவியா, இருதயநாத் குன்ஸ்ரு போன்றவர்கள் இன்னொரு சங்கத்தை வளர்த்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு 1950 நவம்பர் 7ஆம் தேதி தனித்தனியாக இருந்த சங்கங்கள் இணைந்து பாரத் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ் ஆனது. பெண்களுக்கான கைட்ஸ் சங்கம் 1951இல் வந்து சேர்ந்தது.

பிள்ளையை ரெசிடென்சி ரோடு வழியாகக் கூட்டிப்போகும்போது அந்தப் பள்ளியைக் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள். புத்தகத்தில் படித்து ஒப்பிப்பதைவிட இது மனதில் நிற்கும். ஒரு காலத்தில் நமக்கு மறுக்கப்பட்ட சீருடையை இன்று நம் பெண் போட்டுக்கொண்டு போகிறாள் என்ற எண்ணம் எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சை நிமிர்த்தும்.

எங்கே, எப்படிச் சேர்ப்பது

முதலில் பள்ளியில் விசாரியுங்கள். "ஸ்கவுட்ஸ் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டியவை வேறு. அது பாரத் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸின் கீழ் பதிவான யூனிட்டா? இதே போன்ற பெயர்களில் வேறு அமைப்புகளும் இயங்குகின்றன. நான் இங்கே சொல்லும் பாதை பாரத் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸுடையது. யூனிட்டுக்கு சார்ட்டர் எண் (அங்கீகாரப் பதிவு எண்) உண்டா, இந்த வருடம் பதிவு புதுப்பிக்கப்பட்டதா? கேப்டன் பயிற்சி முடித்தவரா? பேசிக், அட்வான்ஸ்டு, ஹிமாலயா வுட் பேட்ஜ் என்று அவர்களுக்கும் படிகள் உண்டு. வாரா வாரம் கூட்டம் நடக்கிறதா, இல்லை குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் அணிவகுப்போடு சரியா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். அணிவகுப்புக்கு மட்டும் சீருடை மாட்டும் யூனிட்டில் இருந்துகொண்டு மேல் படிகளுக்குப் போவது மிகவும் கஷ்டம். கேப்டன் ஆர்வமுள்ளவராக இருந்தால் மற்ற குறைகளைச் சமாளித்துக்கொள்ளலாம்.

பள்ளியில் இல்லையென்றால் ஓபன் குரூப் என்று பள்ளி சாராத யூனிட்டுகள் உண்டு. கர்நாடக மாநிலத் தலைமையகம் பேலஸ் ரோட்டில் இருக்கிறது. நேரில் போய்க் கேட்டால் உங்கள் பகுதிக்கு அருகில் எது என்று சொல்வார்கள். கேந்திரிய வித்யாலயாவில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வித்தியாசம்: அந்தப் பள்ளிகள் தங்களுக்கென்று தனி மாநில அமைப்பாகவே இயங்குகின்றன. ரயில்வேயும் அப்படித்தான். அதனால் ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பிள்ளைகள் வேறு வேறு முகாம், வேறு வேறு தேதி என்று சொன்னால் குழம்ப வேண்டாம். விருது ஒன்றுதான்.

வயதுக் கணக்கைச் சேரும் நாளிலேயே போட்டுவிடுங்கள்

ஸ்கவுட், கைட் பிரிவு பத்து வயதில் தொடங்குகிறது. அதற்கும் கீழே சின்னப் பையன்களுக்குக் கப், சின்னப் பெண்களுக்குப் புல்புல் என்ற பிரிவு உண்டு. அங்கே உயர்ந்த விருது கோல்டன் ஆரோ. அதை வாங்கியிருந்தால் நல்லது, வாங்காவிட்டாலும் பரவாயில்லை, நேராகப் பத்து வயதில் சேரலாம்.

அதற்குப் பிறகு படிகள் இவை: பிரவேஷ், பிரதம் சோபான், த்விதிய சோபான், த்ருதிய சோபான், ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி விருது. ஒரு படி முடித்தவுடன் அடுத்த படிக்குத் தாவ முடியாது. ஒவ்வொன்றுக்கும் இடையே இத்தனை மாதம் அந்தப் படியில் இருந்து வேலை செய்திருக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. எல்லாம் கூட்டினால் ஏறக்குறைய நாலு வருடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு முகாம்கள் நாம் நினைத்த மாதத்தில் வராது. அதற்கும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

எட்டாம் வகுப்பில் போய்ச் சேர்த்துவிட்டு, பத்தாவது முடிப்பதற்குள் ராஷ்டிரபதி வேண்டும் என்று கேப்டனை நெருக்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். கணக்கு இடிக்கும். ஐந்தாவது, ஆறாவதில் சேர்ந்தால் ராஜ்ய புரஸ்காரை ஒன்பதாவதுக்குள் முடித்து, பொதுத்தேர்வு வருடத்தில் முட்டி மோதாமல் போகலாம். பத்தாவதில்தான் ராஷ்டிரபதி முகாம் வருகிறது என்றால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். அது சில நாள் முகாம்தான். அதற்கான தயாரிப்பு ஒன்பதாவதிலேயே முடிந்திருந்தால் படிப்பு கெடாது.

பெயர் விஷயம்: தமிழர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை

நம் பிள்ளைகளுக்கு இனிஷியல். இங்கே படிவங்களில் சர்நேம். பள்ளிப் பதிவேட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் விரிவாக, பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர் மட்டும் என்று மூன்று விதமாக இருக்கும் வீடுகள் ஏராளம். இப்போது உறுப்பினர் பதிவு ஆன்லைனில் நடக்கிறது, பிள்ளைக்கு ஒரு அடையாள எண் தருகிறார்கள். அங்கே எப்படிப் பதிவாகிறதோ அப்படியேதான் மேலே மேலே போகும். குடியரசுத் தலைவர் கையெழுத்துள்ள சான்றிதழில் ஒரு பெயர், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் வேறொரு பெயர் என்று வந்தால் பின்னாளில் கல்லூரிச் சேர்க்கையிலும் வேலையிலும் தலைவலி. அதனால் சேரும்போதே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி வரப்போகிறதோ அதே எழுத்துக்கூட்டலில் பெயரும் பிறந்த தேதியும் கொடுங்கள். ஒவ்வொரு படியின் சான்றிதழும் கைக்கு வந்த அன்றே பெயரைச் சரிபாருங்கள்.

ஆரம்பப் படிகள்

பிரவேஷில் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. உறுதிமொழி, ஒன்பது சட்டங்கள், மூன்று விரல் வணக்கம், இடது கைக் குலுக்கல், கொடிகள், இறைவணக்கம், கொடிப்பாட்டு. பாட்டு இரண்டும் இந்தியில் இருக்கும். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், இந்தி என்று வளரும் பெங்களூர்ப் பிள்ளைக்கு இது ஒரு பொருட்டே அல்ல. அது முடிந்ததும் சின்னம் சூட்டும் விழா. அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள், அப்பா அம்மா இரண்டு பேரும். ஒரு பத்து வயதுப் பிள்ளை நாலு பேர் முன்னால் நின்று, என்னால் முடிந்த வரை என் கடமையைச் செய்வேன் என்று வாக்குக் கொடுப்பதைப் பார்க்கும் வாய்ப்பு திரும்பக் கிடைக்காது.

சீருடையை வெளியே ஏதோ ஒரு கடையில் பார்த்து வாங்காதீர்கள். நிறத்தில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் முகாமில் திருப்பிக் கேட்பார்கள். கேப்டன் சொல்லும் இடத்தில் துணி எடுங்கள். வளரும் பிள்ளை என்பதால் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். பேட்ஜ்களை எங்கே தைக்க வேண்டும் என்பதற்கும் ஒழுங்கு உண்டு. அதைப் பிள்ளையே கையால் தைக்கட்டும்.

பிரதம் சோபானிலிருந்து முடிச்சுகள் வரும். ரீஃப் நாட், ஷீட் பெண்ட், குளோவ் ஹிட்ச், போலைன், ஷீப்ஷாங்க். வீட்டில் ஒரு நல்ல பருத்திக் கயிறு வாங்கிப் போட்டுவிடுங்கள், போதும். கொடிக்கயிறு கட்டுவது, ஊருக்குப் போகும்போது மூட்டை கட்டுவது எல்லாம் இனி அவள் வேலை என்று ஒப்படைத்துவிடுங்கள். என் மாமனார் தஞ்சாவூர்ப் பக்கம் மாடு கட்டி வளர்த்தவர். பேத்தி போட்ட முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "இதைத்தானே நாங்க அந்தக் காலத்துல தினமும் போட்டோம்" என்று அவளுக்கு இன்னும் இரண்டு கட்டுகள் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் அப்படிப் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் இதில் இழுத்துவிடுங்கள்.

த்விதிய சோபானில் விறகடுப்பு மூட்டிச் சமைப்பது, திசைகாட்டி பார்ப்பது, தடம் பார்த்துப் போவது, முதலுதவி. த்ருதிய சோபானில் இதெல்லாம் இன்னும் ஆழமாக, கூடவே வரைபடம். ஆரம்பத்தில் கேப்டனே சோதிப்பார். மேலே போகப் போக மாவட்டம், பிறகு மாநிலம், கடைசியில் தேசியத் தலைமையகம் என்று சோதிப்பவர்கள் மாறுவார்கள். முன்பின் தெரியாதவர் முன்னால் நின்று செய்துகாட்ட வேண்டியிருக்கும் என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

லாக் புக்

நன்றாகச் செய்யும் பிள்ளைகள் பின்தங்கிப்போவது இந்த ஒரு நோட்டுப் புத்தகத்தில்தான். எந்தத் தேதியில் எந்தப் பேட்ஜ், எந்த முகாம், எவ்வளவு சேவை, யார் சோதித்தார்கள், யார் கையெழுத்து என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். ராஜ்ய புரஸ்காருக்கும் ராஷ்டிரபதிக்கும் தேர்வாளர் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு கையெழுத்து விட்டுப்போய், அந்த ஆசிரியர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டால் என்ன செய்வீர்கள்?

என் யோசனை: மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிள்ளை லாக் புக் எழுதும் நாள் என்று வைத்துவிடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது, எழுதிய பக்கங்களை மொபைலில் படம் எடுத்துப் பத்திரப்படுத்துவது. அப்புறம் ஒரு ஃபைல் வாங்கி, படிவாரியாகச் சான்றிதழ்களின் அசல் ஒரு பக்கம், நகல் ஒரு பக்கம் என்று வையுங்கள். யூனிட்டின் சார்ட்டர் எண், உறுப்பினர் எண், சின்னம் சூட்டிய தேதி, ஒவ்வொரு படியும் முடித்த தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். எல்லா விண்ணப்பத்திலும் இவற்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

எழுதுவது மட்டும் பிள்ளையின் கையெழுத்தில்தான் இருக்க வேண்டும். அம்மா எழுதிய லாக் புக்கைத் தேர்வாளர் ஒரு பக்கம் புரட்டியதுமே கண்டுபிடித்துவிடுவார். படம் வரைய, அலங்கரிக்கக் கடையில் காசு கொடுத்து ஆள் வைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கோணல்மாணலாக இருந்தாலும் அவள் வரைந்த அல்சூர் ஏரி வரைபடம்தான் மதிப்பெண் வாங்கும். எங்கே எந்த மரம், எந்தப் பக்கம் படித்துறை, தமிழ்ச் சங்கம் எந்தத் திசையில் என்று தேர்வாளர் கேட்டால், நடந்து அளந்து வரைந்த பிள்ளைதான் தடுமாறாமல் பதில் சொல்லும்.

பேட்ஜ்களுக்கு இந்த ஊரே போதும்

திறன் பேட்ஜ்கள் நிறைய உண்டு. சமையல், முதலுதவி, சைக்கிள், நீச்சல், தீயணைப்பு, வழிகாட்டி, இயற்கை ஆர்வலர் என்று நீளும். எந்தப் படிக்கு எவை தேவை என்பதை அந்த வருடப் பாடத்திட்டத்தில் கேப்டனோடு உட்கார்ந்து பாருங்கள். பழைய புத்தகத்தை நம்ப வேண்டாம், அவ்வப்போது மாற்றுவார்கள்.

இயற்கை பேட்ஜுக்கு லால்பாக், கப்பன் பார்க். லால்பாகில் இருக்கும் அந்தப் பெரிய பாறை சுமார் 300 கோடி வருடம் பழையது, தேசிய நிலவியல் நினைவுச்சின்னம். அதன்மேல் உட்கார்ந்து பறவைக் குறிப்பு எழுதுவது பிள்ளைக்கு மறக்காது. மலை நடைக்கு நந்தி மலை, சாவன்துர்கா. வழிகாட்டி பேட்ஜுக்கு வீட்டைச் சுற்றி மருத்துவமனை, காவல் நிலையம், தீயணைப்பு நிலையம், பேருந்து நிறுத்தம் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரிய வேண்டும். புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. எங்கள் தெருவில் எந்தக் குறுக்குச் சந்து எங்கே போகிறது என்று இன்றைக்கும் நான் அவளைத்தான் கேட்கிறேன். நீச்சலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கோடை விடுமுறையில் குளங்களில் கூட்டம் அலைமோதும், முன்பே இடம் பிடித்துவிடுங்கள்.

சேவை என்றால் ஒருநாள் துடைப்பத்தோடு படம் எடுத்துக்கொள்வது அல்ல. தொடர்ந்து செய்யக்கூடிய ஒன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். செப்டம்பர் 8ஆம் தேதி சிவாஜிநகர் மாதா கோவில் திருவிழாவுக்குக் கூட்டம் கூட்டமாக நம் மக்கள் நடந்து வருவார்கள். அனுமதி வாங்கிக்கொண்டு, தண்ணீர் கொடுப்பதற்கும் குழந்தைகள் தொலையாமல் பார்த்துக்கொள்வதற்கும் யூனிட்டாகப் போய் நிற்கலாம். தமிழ், கன்னடம் இரண்டும் பேசும் நம் பிள்ளைகள் அங்கே மிகவும் பயன்படுவார்கள்.

முகாமுக்கு அனுப்புவது

பெண் பிள்ளை வைத்திருக்கும் வீடுகளில் எல்லாம் இங்கேதான் வந்து நிற்கும். "ராத்திரி தங்கணுமா?" தங்க வேண்டும். முகாம் இல்லாமல் மேல் படி இல்லை. ஆனால் கேள்வி கேட்காமல் அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கைட் பிரிவுக்குப் பெண் கேப்டன்கள் கூடவே தங்க வேண்டும். எத்தனை பேர் வருகிறார்கள், தங்குவது கூடாரமா கட்டடமா, கழிப்பறை எங்கே, இரவில் யார் பொறுப்பு, பக்கத்து மருத்துவமனை எது என்று கேளுங்கள். நல்ல கேப்டன் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார், எழுதியே தருவார். பதில் சரியில்லை என்றால் அந்த முகாமுக்கு அனுப்பாதீர்கள், அடுத்தது வரும்.

மாதவிடாய் பற்றி வீட்டிலேயே வெளிப்படையாகப் பேசி அனுப்புங்கள். பையில் தனி உறையில் நாப்கின், பழைய செய்தித்தாள், கூடுதல் உள்ளாடை. தேதி இல்லையென்றாலும் வையுங்கள். முகாமில் உடல் அலைச்சலில் தேதி முன்னே பின்னே வரலாம். அவளுக்குத் தேவைப்படாவிட்டால் பக்கத்துக் கூடாரத்துப் பெண்ணுக்கு உதவும்.

மற்றபடி தட்டு, டம்ளர், மக், கயிறு, டார்ச், விசில், நோட்டு, மருந்து. தொட்டபள்ளாபுரத்தில் மாநில அமைப்பின் பயிற்சி மையம் இருக்கிறது, நிறைய முகாம்கள் அங்கே நடக்கும். டிசம்பர், ஜனவரியில் அங்கே விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும். ஸ்வெட்டர், கம்பளி, காதுக்குத் துணி கட்டாயம். பிள்ளை சுமக்க முடிந்த அளவுக்குத்தான் பை இருக்க வேண்டும். பையை அவளே அடுக்கட்டும், இல்லாவிட்டால் இருட்டில் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. முறுக்கு, தட்டை டப்பா கொடுப்பதானால் அவளுடைய எட்டுப் பேர் பேட்ரோலுக்கும் (யூனிட்டுக்குள் இருக்கும் சிறு குழு) சேர்த்துக் கொடுங்கள். போனைக் கொடுத்தனுப்பாதீர்கள், அவசரம் என்றால் கேப்டனே கூப்பிடுவார்.

சில முகாம்களில் கடைசி நாள் மாலை பெற்றோரைக் கேம்ப்ஃபயருக்கு அழைப்பார்கள். அப்படி ஒருமுறை நான் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். சமையல் நேரம். என் மகள் அப்போது பேட்ரோல் லீடர். முந்தின நாள் மழையில் விறகு நனைந்திருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண் அடுப்பு மூட்டத் திணறிக்கொண்டிருந்தாள். என் மகளுக்கு அது இரண்டு நிமிட வேலை. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து நின்றாள். "பட்டையைச் சீவிட்டு உள்கட்டையை வை. ம், அப்படித்தான். இப்போ மெதுவா ஊது." தீப்பெட்டியைக் கடைசி வரை தொடவில்லை. புகை, கண்ணீர், திரும்பத் திரும்ப அணைந்துபோன நெருப்பு, கடைசியில் பற்றிக்கொண்டதும் அந்தச் சின்னப் பெண் போட்ட கூச்சல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் பெண் என்று அங்கிருந்த எல்லாரிடமும் சொல்ல வேண்டும் போலிருந்தது, சொன்னேன்.

பெற்றோருடைய பங்கு என்ன என்று என்னைக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பணம் கட்டுங்கள், அழைத்துப் போங்கள், காகிதத்தைக் காப்பாற்றுங்கள், சோர்ந்து போகும்போது கூட உட்காருங்கள். தீக்குச்சியை மட்டும் அவள் கையில் விட்டுவிடுங்கள். பெருமைப்படுவதற்கு ராஷ்டிரபதி பவனிலிருந்து கடிதம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். நடுவில் வரும் இந்த மாதிரிச் சாயங்காலங்களில் வாய்விட்டுப் பாராட்டுங்கள், பிள்ளையின் காதுபட. பாராட்டினால் தலைக்கனம் வந்துவிடும், கண் பட்டுவிடும் என்று அடக்கிவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. உழைத்துச் சம்பாதித்த பாராட்டில் தலைக்கனம் வருவதில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அதே யூனிட்டில் த்ருதிய சோபானோடு நிறுத்திக்கொண்ட பிள்ளைகளும் நல்ல கைட்கள்தான்.

ராஜ்ய புரஸ்கார்

இது மாநில அளவுத் தேர்வு. எழுத்து, வாய்மொழி, செய்முறை மூன்றும் இருக்கும். தேர்ச்சி பெற்றால் ஆளுநர் பெயரில் சான்றிதழ் வரும். செய்முறையில் கயிறும் கழியும் வைத்துக் கட்டுமானம், முதலுதவி, வரைபடம் ஆகியவற்றில்தான் பிள்ளைகள் பதற்றப்படுகிறார்கள். தேர்வுக்கு முன்னால் வரும் மூத்த கைட்களின் பயிற்சி வகுப்பைத் தவறவிடாதீர்கள். முகாமில் கன்னடமும் ஆங்கிலமும் ஓடும். பிள்ளைக்கு எந்த மொழியில் சரளமோ அதில் பதில் சொல்லலாமா என்று கேப்டன் மூலம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் கன்னடம் பேசாத குடும்பம் என்றால் முடிச்சு, முதலுதவி, சமையல் சம்பந்தப்பட்ட கன்னடச் சொற்களைப் பழக்கிக்கொண்டால் பேட்ரோலுக்குள் ஒட்டிக்கொள்ளவும் உதவும்.

ராஷ்டிரபதி முகாம்

ராஜ்ய புரஸ்கார் கிடைத்ததும் சில வீடுகளில் வேகம் குறைந்துவிடும். இடைக்காலத்தில் புதிய பேட்ஜ்களும் தொடர் சேவையும் நடந்தபடி இருக்க வேண்டும். அது இல்லாமல் விண்ணப்பம் நகராது. டெல்லியில் இருக்கும் தேசியத் தலைமையகம் நியமிக்கும் தேர்வாளர்கள் வருவார்கள். அவர்கள் உங்கள் ஊர், மொழி எதுவும் அறியாதவர்களாக இருக்கலாம். லாக் புக்கில் இருக்கும் எந்தப் பக்கத்திலிருந்தும் கேள்வி வரும். ஆரம்பத்தில் படித்த உறுதிமொழியும் சட்டமும் மறுபடி கேட்கப்படும். நாலு வருடம் கழித்து அதில் தடுமாறும் பிள்ளைகள் உண்டு, ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த முறை தேர்ச்சி இல்லை என்று வந்தால் வீட்டில் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். எந்தப் பகுதியில் குறை என்று கேப்டனிடம் கேட்டு, வயது இருந்தால் அடுத்த முகாமுக்கு அனுப்புங்கள்.

முடிவு வர மாதக் கணக்கில் ஆகும், சான்றிதழ் வர இன்னும் ஆகும். விருது பெறுகிற எல்லாரையும் ராஷ்டிரபதி பவனுக்கு அழைப்பதில்லை. பெரும்பாலோருக்கு மாநில அமைப்பு மூலமாகத்தான் கைக்கு வரும். இதைப் பிள்ளையிடமும் தாத்தா பாட்டியிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். டெல்லிக்குப் போகவில்லை என்பதால் விருதின் மதிப்பு ஒரு துளியும் குறையாது. வழங்கும் நாளில் பிள்ளை முழுச் சீருடையில் இருக்க வேண்டும். நீங்களும் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு, ஊரிலிருந்து பெரியவர்களை வரவழைத்து, நல்ல உடை உடுத்திப் போங்கள். அனுமதி எத்தனை பேருக்கு என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விருதுக்குப் பிறகு

அசல் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். வண்ண நகல்கள் எடுத்துச் சான்றொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் சிஇடி என்ற பொது நுழைவுத் தேர்வு மூலம் தொழிற்கல்விச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போது ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ் என்ற தனிப் பிரிவைப் பாருங்கள். இடங்கள் குறைவு, தகுதி விதிகளை அந்த வருடத் தகவல் கையேட்டில் வரி விடாமல் படிக்க வேண்டும். ரயில்வேயில் இந்த ஒதுக்கீட்டின் கீழ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். அதற்கு ராஷ்டிரபதி விருதோ ஹிமாலயா வுட் பேட்ஜோ வேண்டும், கூடவே தேசிய, மாநில அளவு நிகழ்ச்சிகளில் கலந்துகொண்ட சான்றிதழ்களும் கடைசி ஐந்து வருடம் தொடர்ந்து உறுப்பினராக இருந்த சான்றும் கேட்பார்கள். ஆகவே விருது கிடைத்ததும் பதிவை விட்டுவிடாதீர்கள். பியூசி (பிளஸ் ஒன், பிளஸ் டூ) சேரும்போது அந்தக் கல்லூரியில் கைட் வயதைத் தாண்டிய பெண்களுக்கான ரேஞ்சர் பிரிவு (பையன்களுக்கு ரோவர்) இருக்கிறதா என்று விசாரித்து, பழைய கேப்டனிடம் மாற்றுக் கடிதம் வாங்கி, அதே வருடத்திலேயே பதிவைப் புதுப்பித்துவிடுங்கள். கல்லூரியில் இல்லையென்றால் மறுபடி பேலஸ் ரோடுதான். ஓபன் குரூப்களில் ரேஞ்சர் பிரிவு எங்கே இருக்கிறது என்று கேட்டுச் சேர்த்துவிடலாம்.